'இல்லை' என்பதையும் சேமிக்கும் இயந்திரம்

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வந்து குவிகிற தை, மாசி மாதங்களில், குத்தாலத்தில் ஓர் அரிசி ஆலையின் கணக்குகளைத் தாங்கி நின்ற சர்வர், ரீஸ்டார்ட் செய்த சில தினங்கள் சுறுசுறுப்பாகவும், நாள் செல்லச் செல்ல மந்தமாகவும் நடந்து, ரசீது அச்சாகி வருவதற்குள் லாரிக்காரர் டீ குடித்துத் திரும்பிவிடலாம் என்கிற நிலையை அடைந்தபோது, என்னை அழைத்தார்கள்.

கணக்கர், மெமரியின் நிலையைச் சொல்லும் 'ஃப்ரீ' என்ற கட்டளையின் விடையைக் காட்டி, "மெமரியே மிச்சமில்லை சார், இன்னும் வாங்கிப் போட்டுடலாமா?" என்றார். பலருக்கும் நேர்கிற மயக்கம் இது. அந்தச் சர்வரை இயக்கும் லினக்ஸ், சும்மா கிடக்கும் மெமரியை விரயமென்று கருதி, வாசித்த கோப்புகளின் பிரதிகளை அதில் வைத்துக்கொள்ளும். அவசியம் வந்தால் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது, 2014 முதல் லினக்ஸின் மையமான கெர்னலே கணித்துத் தருகிற 'அவைலபிள்' என்ற எண்ணை. அது தாராளமாகவே இருந்தது.

அப்படியானால் மந்தத்துக்குக் காரணம் என்ன? சந்தேகம் தீர, கெர்னல் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட மெமரியைப் பட்டியலிடும் 'ஸ்லாப்டாப்' கட்டளையை ஓட்டினேன். முதல் வரிசையிலே 'டென்ட்ரி'! கோப்பின் பெயரை அதன் இருப்பிடத்தோடு இணைக்கும் சிறு குறிப்பு அது. ஒன்றுக்கு 192 பைட் அளவுதான், ஆனால் ஒரு கோடி சேர்ந்தால் ஏறக்குறைய 2 ஜிகாபைட்.

எனக்கு மிகப் பிரியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. 'அப்படியொருவர் இந்தத் தெருவில் இல்லை' என்பதையும் மனத்தில் வைத்திருக்கும் அனுபவசாலியான தபால்காரரைப் போல, கெர்னலானது, இல்லாத கோப்பைத் தேடியபோது கிடைத்த 'இல்லை' என்ற விடையையும் ஒரு டென்ட்ரியாகச் சேமித்து, மறுமுறை டிஸ்க் வரை போகும் சிரமத்தைத் தவிர்க்கிறது. எத்தனை அழகான ஏற்பாடு! ஆனால் ஆலையிலோ, எடைமேடைக் கணக்கை அனுப்ப நிமிஷந்தோறும் ஓடிய 'கர்ல்' என்ற நிரல் பாதுகாப்பான இணைப்புக்கு 'என்எஸ்எஸ்' நூலகத்தைத் துணைக்கழைக்க, அந்நூலகம் கோப்பு முறைமையின் வேகத்தை அளக்கும் பொருட்டு, ஒவ்வொரு தடவையும் புதுப்புதுப் பெயர்களில் இல்லாத கோப்புகளை ஆயிரக்கணக்கில் தேடிற்று. மறுபடி ஒருவரும் கேட்கப்போகாத 'இல்லை'கள் குவிந்து, பெயர் தேடும் வேலையே பாரமாயிற்று. அந்த அளவெடுப்பை நிறுத்த ஒரு சூழல் மாறி உண்டு. அதை அமைத்ததோடு வியாதி தீர்ந்தது. புதிய மெமரி வாங்கவில்லை.

ரீஸ்டார்ட் செய்தால் தடயமும் கூடவே அழிந்துவிடுமாதலால், அதற்கு முன் கெர்னலின் மெமரிக் கணக்கான 'மெம்இன்ஃபோ', 'ஸ்லாப்டாப்' இரண்டும் காட்டுவதை தினம் ஒரு தடவை கோப்பில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.