ஏற்கப்படாத கடிதங்கள்
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஞாயிறுதோறும் பூசையில் நாம் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். சமாதானம் வேண்டி ஆட்சியாளருக்குக் கடிதம் எழுதியவர் நம்மில் எத்தனை பேர்?

ஜேன் ஆடம்ஸ் அம்மையார் எழுதினார். 1889ல் சிக்காகோவில் ஹல் ஹவுஸ் என்னும் சேவை இல்லத்தைத் தொடங்கி, பிழைப்புத் தேடி வந்த ஏழைகளோடு வாழ்ந்தவர். கத்தோலிக்கர் அல்லர், நல்லதை எங்கு கண்டாலும் நாம் ஏற்கலாமன்றோ! 1915ல் ஹேக் நகரில் பெண்கள் சமாதான மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபின், போரிடும் நாடுகளின் தலைநகர்களுக்கே சென்றார். உரோமையில் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் அவருக்குப் பேட்டியளித்தார்.

அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு அம்மையார் எழுதியது இதுதான்: போர் முடியட்டும் என்று காத்திராமல், பீரங்கி முழங்கும்போதே நடுநிலை நாடுகள் கூடிச் சமரசம் பேச வேண்டும். வில்சன் மரியாதையாய்ச் செவிகொடுத்தார், செய்யவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது.

அவ்வாண்டு ஆகஸ்டு 1ந் தேதியிட்டுப் பாப்பரசரும் போரிடும் நாட்டுத் தலைவர்களுக்கு எழுதினார். ஆயுதங்களைக் குறையுங்கள், வரப்புச் சண்டையில் நாம் ஊர்ப் பெரியவரிடம் போவதுபோல, வழக்கை நடுவரிடம் விடுங்கள் என்றார். வில்சன் அதையும் மறுத்தார்.

ஆனால் 1918 ஜனவரியில் அதே வில்சன் வெளியிட்ட 14 அம்சங்களைப் பாருங்கள். ஆயுதக் குறைப்பும் கடல்வழிச் சுதந்திரமும் அதில் உண்டு. இரண்டும் பாப்பரசரின் கடிதத்திலும் ஹேக் தீர்மானங்களிலும் முன்பே இருந்தவை!

பத்திரிகைகள் அம்மையாரைத் தூற்றின. அவரோ ஓயவில்லை. 1931ல் நோபல் சமாதானப் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைத் தம் பெண்கள் சமாதானச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.