யார் கையில் போய்ச் சேர வேண்டும்?

(அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான படைப்பாக்கப் பயிலரங்கில், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சிறார் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பதிவு மேசை அருகே நின்றிருந்தபோது ஐந்தாறு பேர் என்னிடம் பேசினீர்கள். "ஐயா, கவிதைகள் தயாராக இருக்கின்றன, எந்தப் பதிப்பகத்தில் கொடுக்கலாம்?" என்றார் ஒருவர். "புத்தகம் போட்டுவிட்டேன், வந்ததே யாருக்கும் தெரியவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டார் ஓர் ஆசிரியை. எப்படி எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் முப்பதுகளில் நானும் இந்த வரிசையில்தான் கேட்டேன். அதனால் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டிகள்

என் முதல் புத்தகம் ஒரு கவிதைத் தொகுப்பு. அச்சுச் செலவை மட்டும் நான் ஏற்றுக்கொண்டால் போதும், மற்றதைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஜி.பி.எஃப்.பில் முன்பணம் எடுத்துக் கொடுத்தேன். 500 பிரதிகள். திருமண மண்டபத்தில் வெளியீட்டு விழா, அழைப்பிதழ், பொன்னாடை, எல்லாருக்கும் கேசரியும் காபியும். அன்று எழுபது பிரதிகள் போயின. வாங்கியவர்களில் பெரும்பாலோர் உடன் பணியாற்றியவர்கள். முகத்துக்கு நேராக மறுக்க முடியாமல் வாங்கினார்கள். மீதி நான்கு அட்டைப் பெட்டிகளில் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்தது. பதிப்பகம் பார்த்துக்கொண்ட 'மற்றது' என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு பிரதியை வகுப்பில் மேசைமேல் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உணவு இடைவேளையில் எடுத்துப் புரட்டினாள். மணி அடித்ததும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சார், இதுல யாருமே ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறாங்க" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் இரவு படுக்கையில் யோசித்தபோது அவள் சொன்னது சரி என்று பட்டது. நிலவு இருந்தது, மழை இருந்தது, என் பெருமூச்சும் இருந்தது. எழுந்து நடந்து ஒரு வேலையைச் செய்த மனிதர் யாரும் அந்த 96 பக்கங்களில் இல்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒருநாளும் நினைக்காமல் எழுதிய புத்தகம் அது.

ஒரு கடிதமாகத் தொடங்கிய கதை

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. வகுப்பில் கதை சொன்னேன், அவ்வளவுதான். சொன்னதை வீட்டில் போய் எழுதி, மறுநாள் வாசித்துக் காட்டுவேன். எந்த இடத்தில் ஒரு பையன் சன்னலைப் பார்க்கிறான், எந்த இடத்தில் பின்வரிசை முன்னால் நகர்ந்து வருகிறது என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். சன்னலைப் பார்த்த இடங்களை எல்லாம் அடித்துவிடுவேன். பெரும்பாலும் அவை எனக்கு மிகவும் பிடித்த வரிகளாக இருந்தன.

இந்த வழி புதிதல்ல. இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டரை உங்களில் பலர் அறிவீர்கள். 1893இல், தனக்குப் பாடம் சொல்லித்தந்த முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, அந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குப் படங்களோடு ஒரு கடிதம் எழுதினார். சொல்பேச்சுக் கேளாத ஒரு முயல்குட்டியின் கதை அதில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கதையை விரித்து எழுதிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. பெரிய அளவில், கூடுதல் விலையில் போடலாம் என்ற யோசனை வந்தபோது அவர் இசையவில்லை. சின்னக் கையில் பிடிக்கும் அளவில், எளிய விலையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். மறு ஆண்டே, முன்பு மறுத்திருந்த ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு அதை வெளியிட்டது. பீட்டர் ராபிட் கதை உலகம் சுற்றியது அதன் பிறகுதான்.

சொந்தச் செலவில் போட்டால் நாமும் உலகப் புகழ் பெறலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் சொந்தப் பணம் போட்டார், நானும் போட்டேன். அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அளவு, விலை, படம், எத்தனை பிரதி என்பதை எல்லாம் அதை வைத்தே முடிவு செய்தார்.

என் இரண்டாவது புத்தகம் 16 பக்கம். நடுவில் இரண்டு பின், பெரிய எழுத்து, எங்கள் ஊர் அச்சகத்தில் 100 பிரதிகள். வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இரண்டே மாதத்தில் அட்டை கிழிந்தது. எனக்குக் கிடைத்த முதல் நல்ல மதிப்புரை அதுதான்.

கேட்காமல் எழுதிய கதை

இனி சொல்லப்போவதை மேடையில் சொல்வது எளிதல்ல. ஆசிரியர்களாகிய நமக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு என்பதால் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன். நன்றாகப் பேசுவான். வீட்டில் நடப்பதை எல்லாம் என்னிடம் வந்து சொல்வான். அவன் குடும்பத்தில் நேர்ந்த ஒரு பிரிவையும் அப்படித்தான் சொன்னான். அதை அப்படியே கதையாக எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ஓர் இதழில் வெளியானது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அந்த மகிழ்ச்சியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசித்தேன். சின்ன ஊர். நான்காவது வரியிலேயே எல்லாப் பிள்ளைகளும் அவன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க சார். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

பையன் மறுவாரம் வந்தான். படித்தான், விளையாடினான். ஆனால் வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூட அவன் பிறகு பேசவில்லை. பள்ளியை விட்டுப் போகும்வரை பேசவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நல்ல பதிப்பகம் என் கதைகளைத் தொகுக்க முன்வந்தது. அந்தக் கதைதான் முதலில் வர வேண்டும், தொகுப்பின் தலைப்பும் அதுவாக இருந்தால் விற்கும் என்றார்கள். அது இல்லாமல் போடுங்கள் என்றேன். அது இல்லாவிட்டால் தொகுப்பில் வலுவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், என் கதைகளில் ஆகச் சிறந்தது அது. தொகுப்பு அங்கே வரவில்லை. பிறகு வேறிடத்தில், அந்தக் கதை இல்லாமல், மெலிந்த புத்தகமாக வந்தது. வருத்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனாலும் வெளியிட மாட்டேன்.

பிள்ளைகள் நம்மை நம்பிச் சொல்வது நமக்குக் கிடைத்த கச்சாப்பொருள் அல்ல. எழுத வேண்டும் என்றால் கேளுங்கள், எழுதியதைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் எழுதிய வரியையோ வரைந்த படத்தையோ பயன்படுத்தினால் அவர்களிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, அவர்கள் பெயரோடு போடுங்கள்.

விளம்பரம் கூடாதா?

கூடாது என்று சொல்ல மாட்டேன். எழுதிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, உலகம் தேடி வரும் என்று காத்திருப்பது பணிவு ஆகாது.

சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். கைப்பணத்தை இழந்தும் 1970வரை நடத்தினார். தமிழில் புதுக்கவிதை வேரூன்றியதில் அந்த இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. எழுத்து பிரசுரம் என்று புத்தகங்களும் போட்டார். அவற்றைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தன் நூல்களை மட்டும் அல்ல, மற்றவர்கள் எழுதியவற்றையும் சேர்த்துச் சுமந்தார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல், 85ஆவது வயதில், தானே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல்தான் அறிவிக்கப்பட்டது. விருது வரும் என்று சுமந்தவர் இல்லை அவர்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசகரைத் தேடிப் போவது வெட்கப்பட வேண்டிய வேலை அல்ல. குறுவளமையக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு ஒரு பக்கம் வாசியுங்கள். உங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்று அனுப்பி, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நம் மாணவர் தலையில் நம் புத்தகத்தைக் கட்டக் கூடாது. தலைமையாசிரியராக இருப்பவர்கள் உடன் பணியாற்றுவோர் தலையிலும் கட்டக் கூடாது. 'நுழைவுக் கட்டணம்' கேட்கும் விருதுகளுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்தில் வகுப்புக்குப் பத்து நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கலாம். பிள்ளைகளை நிறுத்தி, கையில் நம் புத்தகத்தைக் கொடுத்துப் படம் எடுத்து எல்லாக் குழுக்களிலும் போடுவதையும் விட்டுவிடலாம்.

எங்கே வெளியிடுவது?

முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். நம் துறையே பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவருகிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு நூல்கள் வந்திருக்கின்றன. அவற்றை எடுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை சொல், வாக்கியம் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே ஒரு பயிற்சி.

பதிப்பகம் என்றால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சிடுவீர்கள்? என்ன விலை? எங்கே விற்பீர்கள்? எனக்கு ராயல்டி எவ்வளவு, எப்போது கணக்கு? பணம் நம்மிடமே வாங்கினால் அவர் அச்சிட்டுத் தருபவர். அதில் தவறில்லை. ஆனால் அச்சகத்தில் நேரடியாக என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். இப்போது 50 பிரதிகூட அச்சிட முடிகிறது. 500 போட்டுக் கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் சொந்தமாக எழுதும் படைப்புக்கு நாமே உரிமையாளர். நம் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். பணியின் பகுதியாக எழுதித் தருபவற்றுக்கு இது பொருந்தாது. உரிமையைப் பிறருக்கு மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் கொள்கிறது. 'நிரந்தரமாக' என்று ஒரு சொல் இருந்தால் கையெழுத்துப் போடும்முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

நீங்களே வெளியிட்டால், ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறோம். நாம் இல்லாத காலத்திலும் ஒருவர் கேட்டால் எடுத்துத் தரும் இடங்கள் அவை.

ஒரு பெயர் எழுதுங்கள்

தேநீர் வந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் சைகை காட்டுகிறார். ஒரு வேலை மட்டும் தந்துவிட்டு உட்காருகிறேன்.

உங்கள் கைக்கு வந்திருக்கும் வெள்ளைத் தாளின் மேலே உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரின் பெயரை எழுதுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை வேண்டாம். சன்னலைப் பார்க்கும் பிள்ளையாக இருக்கட்டும். அந்த ஒருவருக்காக அரைப் பக்கம் எழுதுங்கள். யாராவது எதையாவது செய்ய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தேநீருக்குப் பிறகு வாசிப்போம். பயிலரங்கம் முடிந்து திங்கள்கிழமை பள்ளிக்குப் போனதும் அந்தப் பிள்ளையிடமே வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பதிப்பகம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.