குடிபெயர்ந்தோர் மனநிலையும் நம் கடமையும்



மறுகுடியமர்வு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வீடு கட்டுவோர் பேசவேண்டிய பொருளைப் பள்ளி ஆசிரியனிடம் ஏன் தந்தார்கள் என்று முதலில் எண்ணினேன். பிறகு எங்கள் பள்ளி வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது.

குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டில் அமைந்தது. ஆற்றங்கரைகளில் அல்லலுற்ற நம் மக்களுக்கு உறுதியான வீடு வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தொடக்கத்தில் பல இடங்களில், வாழ்ந்த மண்ணிலேயே மாடி வீடுகள் எழுந்தன. 2000ஆம் ஆண்டிற்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தென்கோடிக்குக் குடும்பங்கள் கொண்டு செல்லப்பட்டன. 2015 வெள்ளத்திற்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து சென்றோர் பலர். நம் தலைவி சத்தியவாணி முத்து அவர்களின் பெயர் தாங்கிய நகரே 2019 இறுதியில் இடம் பெயர்க்கப்பட்டது. கல்வியாண்டு அப்போது பாதிதான் கடந்திருந்தது.

நான் பணிபுரியும் பள்ளி இத்தகைய குடியிருப்பு ஒன்றை அடுத்துள்ளது. எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் ஆண்டின் இடையில் வந்து சேர்ந்தான். வினவினால் தலைகுனிவான், வாரத்தில் இரு நாள் வரமாட்டான். சோம்பேறி என்று நானே கடிந்துகொண்டேன். பெயரை நீக்கிவிடவும் எண்ணினேன். அதற்குமுன் ஒரு மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். எட்டடுக்குக் கட்டடம், மின்தூக்கி ஓடவில்லை. ஐம்பதைக் கடந்த உடம்பல்லவா, ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது!

அவன் தாயார் மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்பவர். முன்பு நடந்தே சென்று, பிள்ளைகள் பசிக்குமுன் திரும்பிவிடுவார். இப்போது விடியுமுன் பேருந்து ஏறினால் விளக்கு வைத்த பின்னரே வருகிறார். பழைய இடத்தில் எதிர்வீட்டு ஆயா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவாராம். குலுக்கலில் அவருக்கு வேறு கட்டடம் விழுந்துவிட்டது. தங்கையைத் தனியே விட அஞ்சி அவன் வீட்டிலிருக்கிறான். "இங்க யாரையும் தெரியாது சார்" என்றான். நான் கடிந்த சொற்கள் என்னையே சுட்டன.

வீடுகளை எண்ணினோம், அந்த ஆயாவை எந்தக் கணக்கில் எழுதினோம்? ஒரு தெருவார்க்கு ஒரே கட்டடத்தில் வீடு ஒதுக்குவது ஆகாத காரியமன்று. தேர்வுக்கு முன் குடும்பங்களைப் பெயர்க்காமல் மே மாதம்வரை பொறுப்பதும் அரிதன்று. இவ்விரண்டையும் நம் சங்கம் மனுவாக எழுதி வாரியத்தின் வாயிலுக்குச் செல்லவேண்டும். வேலை கேட்டுச் செல்லும் நம் இளைஞர், ஊர்ப்பெயர் சொன்னால் மறுப்பார்களோ என்று அஞ்சித் 'துரைப்பாக்கம்' என்று முகவரி எழுதும் வேதனையையும் அம்மனுவில் சேர்க்கவேண்டும்.

அந்த ஆயாவைச் சில நாள் தேடிக் கண்டுபிடித்தோம். இப்போது மாலைதோறும் அவர் வீட்டில் ஏழு பிள்ளைகள் படிக்கின்றனர்; அச்சிறுவனும் தங்கையும் அவர்களுள் அடக்கம். இடம் போதவில்லை. ஒரு வாடகை அறைக்கும் ஓர் ஆசிரியரின் ஊதியத்திற்கும் சங்கம் பொறுப்பேற்குமானால், வரும் ஜூன் மாதமே மாலைப் படிப்பகம் தொடங்கலாம். கணக்குப் பாடத்தை நானே வந்து நடத்துகிறேன்.