வான்கோழி எலும்பும் நம் வீட்டு மூக்குக்கண்ணாடியும்

(தேசிய அறிவியல் தினத்தன்று நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் பாங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன். "அறிவியல் தினத்துக்கு நீங்கள் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு ஞாபகம் வந்தது. இந்த நாளுக்குக் காரணமான சர் சி.வி. ராமனும் கணக்கு உத்தியோகம் பார்த்தவர்தான். 1907-ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் சேர்ந்து பத்து வருடம் அங்கே இருந்தார். ஆபீசுக்கு முன்னும் பின்னும்தான் ஆராய்ச்சி. அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது 1928 பிப்ரவரி 28. சரியாக ஒரு வருடம் கழித்து, 1929 பிப்ரவரி 28 அன்று, மதராஸில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ராமனை எல்லோருக்கும் தெரியும். இவரை இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். சரி, யாரும் இல்லை. இரண்டு வருடம் முன்பு வரை எனக்கும் தெரியாது. ஆனால் இங்கே லேசிக் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றியவர்கள் மூன்று, நான்கு பேராவது இருப்பீர்கள். உங்கள் கண்ணில் பட்ட அந்த லேசர் ஒளியால் உடம்பின் திசுவைச் சுடாமல் செதுக்கலாம் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர் இவர்.

எனக்கு இதில் ஏன் அக்கறை வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

1979-ல் நாங்கள் குரோம்பேட்டையில் குடியிருந்தோம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா அந்தக் கண்ணாடியைக் கழற்றி பீரோ மேலே வைத்துவிட்டாள். அக்கா காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் அவளுக்குப் புகை மாதிரி. மாப்பிள்ளை என்று நினைத்து தரகரிடம் போய் முதல் டம்ளரை நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு வயது பதினாறு. இரண்டு நாள் கழித்து, "பெண்ணுக்குப் பார்வைக் குறை இருப்பதை மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஆனால் அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

என் மகளுக்கும் மைனஸ் 8. அவளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று லேசிக் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்துக்கொண்டு போனபோதுதான் ஸ்ரீனிவாசன் வந்து சேர்ந்தார்.

அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். 1949-ல் பி.எஸ்சி., 1950-ல் எம்.எஸ்சி. பிறகு அமெரிக்கா. இன்றைக்கு நம் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது. அன்றைய நிலவரம் வேறு. அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு இருந்த ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். ஒரு ஊருக்கு இல்லை, மொத்த இந்தியாவுக்கும். 1965-ல் புதிய சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதற்கு முன்பே மாணவராகப் போய், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1956-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1961-ல் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். 1990-ல் ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். அவர் மதராஸில் படித்த காலத்தில் லேசர் என்ற பொருளே உலகத்தில் கிடையாது. முதல் லேசர் வந்தது 1960-ல். நீங்கள் பிற்காலத்தில் எதை வைத்து வேலை செய்யப்போகிறீர்களோ, அது இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம்.

ஸ்ரீனிவாசன் எடுத்துக்கொண்ட வேலை, புற ஊதாக் கதிர் பட்டால் கரிமப் பொருள்கள் என்ன ஆகின்றன என்பது. பிளாஸ்டிக் எல்லாம் அந்த வகைதான். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அதில் லாபம் உண்டு. கம்ப்யூட்டர் பாகங்களில் பிளாஸ்டிக் படலங்கள் வரும், அவற்றை நுணுக்கமாகச் செதுக்க வேண்டும். இருபது வருடம் இதே துறையில் இருந்தார். அப்புறம்தான் எக்சைமர் லேசர் என்ற புது வகை அவர்கள் கூடத்துக்கு வந்தது. ஆர்கான், ஃபுளோரின் என்ற இரண்டு வாயுக்களை வைத்து 193 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். அந்தக் கதிரைப் பிளாஸ்டிக் படலத்தில் பாய்ச்சியபோது, கதிர் பட்ட இடம் மட்டும் சுத்தமாகப் பெயர்ந்து வந்தது. பக்கத்தில் உருகவில்லை, கருகவில்லை.

ஏன் அப்படி? எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். சாதாரணமாக லேசர் என்றால் சூடு. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கொளுத்துகிற மாதிரி. இந்த 193 நானோமீட்டர் கதிரின் ஒவ்வொரு துகளுக்கும், மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பையே அறுக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிறது. தவிர, அது ஆழமாகப் போகாது. மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறுந்த துண்டுகள் பறந்து போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அடியில் இருப்பதற்குச் சேதி போவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தக் குழுவில் ஜேம்ஸ் வின் என்ற இயற்பியலாளர் இருந்தார். சாமுவேல் பிளம் என்ற இன்னொரு விஞ்ஞானியும் இருந்தார். பிளாஸ்டிக்குக்குச் செய்வதை உடம்பின் திசுவுக்கும் செய்யுமா என்ற யோசனை மூவருக்கும் இருந்தது. சோதித்துப் பார்க்கத் திசு வேண்டுமே? 1981 நவம்பர் 26 அமெரிக்காவில் நன்றி கூறும் நாள். வீட்டுக்கு வீடு வான்கோழி சமைப்பார்கள். மறுநாள், 27-ஆம் தேதி, ஸ்ரீனிவாசன் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன் மேல் லேசரைச் செலுத்தினார். பிசிறு இல்லாமல் பள்ளம் விழுந்தது. பிறகு மூவரும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் பச்சை லேசரால் ஒரு வெட்டு, புற ஊதா லேசரால் ஒரு வெட்டு என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பச்சை லேசர் பட்ட இடம் தீய்ந்திருந்தது. மற்றது சுத்தமாக இருந்தது. அன்றைக்கு ஸ்ரீனிவாசனுக்கு வயது 52. நம்மில் பலர் வி.ஆர்.எஸ். பற்றி யோசிக்கிற வயது.

பிறகு ஒரு தலைமுடியில் வரிசையாகச் சதுரப் பள்ளங்கள் வெட்டிப் படம் எடுத்தார்கள். முடி தீயாமல் அப்படியே இருந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1983-ல் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் தேடி வந்தார். அவரும், ஸ்ரீனிவாசனும், போடில் பிராரென் என்ற சக ஆய்வாளரும் சேர்ந்து விலங்கின் கண்ணில் செய்து பார்த்து, கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் 1988-ல் காப்புரிமை கிடைத்தது. 1995-ல் கிட்டப்பார்வையைச் சரிசெய்ய இந்த லேசரைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2002-ல் மூவர் பெயரும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் ஏறியது. 2013-ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா கையால் வழங்கப்பட்டது.

இவர்கள் யாரும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. ஒருவருக்கு வேதியியல் தெரியும், ஒருவருக்கு லேசர் தெரியும், டாக்டருக்குக் கண் தெரியும். எல்லோரும் ஒரு மேஜைக்கு வந்ததில் விளைந்தது இது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கண்ணின் முன்புறம் வாட்ச் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்கிறார்கள். கண் தானத்தில் எடுப்பது அதைத்தான். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர், சராசரியாக 540 மைக்ரான். எக்சைமர் லேசரின் ஒரு துடிப்பு எடுப்பது சுமார் கால் மைக்ரான். 2,000 பக்கம் உள்ள ஒரு லெட்ஜரில் ஒவ்வொரு பக்கமாகக் கிழிப்பது போல. கிட்டப்பார்வைக்கு நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்க வேண்டும். ஒரு பவருக்குத் தோராயமாக 12 முதல் 15 மைக்ரான் செலவு. லேசிக் முறையில் மேலே ஒரு மெல்லிய மூடியைத் திறந்து, அடியில் லேசர் கொடுத்து, மூடியைத் திரும்ப வைப்பார்கள். அந்த மூடி 100, 110 மைக்ரான் இருக்கும்.

மகளை நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பாதி நாள் பரிசோதனை. அவள் கார்னியா 470 மைக்ரான்தான். டாக்டரம்மா காகிதத்தில் கழித்தல் கணக்கே போட்டுக் காட்டினார். 470-ல் மூடிக்கு 110, எட்டுப் பவருக்கு 112. மீதி 248. "அடியில் 250-க்குக் குறையக் கூடாது, 300 இருந்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் பெண்ணுக்கு நான் செய்ய மாட்டேன்" என்றார். குறைந்தால் கார்னியா பலவீனமாகிப் பிதுங்கிவிடும், இருக்கிற பார்வையும் கெடும்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மகள்தான் சிரித்தாள். "அப்பா, இது உங்க பாங்க் மினிமம் பேலன்ஸ் மாதிரிப்பா. எடுக்க விடமாட்டாங்க."

ஆட்டோவில் வரும்போது இன்னொன்றும் கேட்டாள். "நான் எப்பவாவது கண்ணாடியைக் கழட்டணும்னு சொன்னேனாப்பா?" எனக்குப் பதில் இல்லை. அவள் கேட்கவே இல்லை. 1979-ல் அம்மா அக்காவுக்குச் செய்ததை, நான் கொஞ்சம் நவீனமாக மகளுக்குச் செய்யப் பார்த்திருக்கிறேன். பீரோவுக்குப் பதில் லேசர், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்ல வந்தது இது. வேண்டும் என்று விரும்பி, கண்ணும் இடம் கொடுத்தால், தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். லட்சக்கணக்கானவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்கு முன் டாக்டர் சொல்கிற நாள்கள் அதை நிறுத்த வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தள்ளிப்போட வேண்டும். கண் உலர்வு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கார்னியா தடிமன், கார்னியா வரைபடம் இரண்டையும் கேட்டு வாங்கி, கழித்தல் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பரிசோதிக்காமலே "வாங்க, பண்ணிடலாம்" என்கிற இடத்தை விட, பரிசோதித்துவிட்டு "முடியாது" என்கிற டாக்டரை நம்புங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்புரைக்குச் செய்வதையும் நாம் "லேசர் ஆபரேஷன்" என்றே சொல்கிறோம். பெரும்பாலும் அதில் புரையை உடைப்பது கேளா ஒலி அலை. லேசிக் செய்துகொண்டவர்களுக்கும் நாற்பதுக்கு மேல் பேப்பர் படிக்கக் கண்ணாடி வரும், புரையும் வரும். அப்போது பழைய லேசிக் ரிப்போர்ட் தேவைப்படும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அது உதவும். பத்திரமாக வையுங்கள்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் கண்ணாடியோடு வந்து உட்காரட்டும். எதிரே இருக்கும் உங்கள் பையனை அவளும் தெளிவாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

அக்காவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. போன வருடம் புரை ஆபரேஷனில் வைத்த லென்ஸில் பவர் சரியாகிவிட்டது. தூரப் பார்வைக்கு இனி கண்ணாடி வேண்டாம் என்றார் டாக்டர். அவளோ வெறும் கண்ணாடி போட்ட ஒரு ஃபிரேம் வாங்கி மாட்டிக்கொண்டாள். கேட்டால், "அது இல்லாம என் முகம் எனக்கே பழக்கமில்லைடா" என்கிறாள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். இயற்பியல் கேள்வியாக இருந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.