மாப்பிள்ளையிடமும் கேளுங்கள்



பரிசுத்த வாழ்வைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது, இந்தக் காலத்துக்கு அது பொருந்துமா என்று பேசச் சொன்னீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தாலே பெண் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். நான் ஆண் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தைத் திறந்தால், விலைமகளிடம் போவதைப் பற்றி அவர் அதட்டுவதும் ஆண்களைத்தான்.

கிரேக்க நகரமான கொரிந்தை ரோமப் படை கி.மு. 146-இல் தரைமட்டமாக்கியது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அங்கே மறுபடி மக்களைக் குடியேற்றினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துறைமுகங்கள். வியாபாரிகள், மாலுமிகள், விடுதலை பெற்ற அடிமைகள் என்று நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள் நிறைந்த பட்டணம். பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார்.

அன்றைய ரோமச் சட்டத்தில் மணமான பெண் வேறொருவனோடு போனால் விபசாரம். கணவன் தன் வீட்டு அடிமைப் பெண்ணைத் தொட்டாலோ, விலைமகளிடம் போனாலோ, அதற்கு அந்தப் பெயரே கிடையாது. அடிமைப் பெண்ணுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாயும் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு விலைமகளிடம் போய்வந்த விசுவாசிகளிடம், உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் என்கிறார் பவுல். சரீரம் அசுத்தம் என்று ஒதுக்கியிருந்தால் அதை ஆலயம் என்று அழைத்திருப்பாரா? அடுத்த அதிகாரத்தில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். மனைவியின் சரீரம் புருஷனுக்கு உரியது என்கிறார். அதில் எந்தக் கொரிந்தியனுக்கும் மறுப்பு இருந்திருக்காது. அதே மூச்சில், புருஷனின் சரீரமும் மனைவிக்கு உரியது என்கிறார். அதைக் கேட்ட ஆண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சுமார் கி.பி. 400-இல் திருச்சபை அறிஞர் ஜெரோம் எழுதிய ஒரு கடிதத்திலும் இதே உறுதியைக் காணலாம்: பெண்ணுக்கு ஆகாதது கிறிஸ்தவ ஆணுக்கும் ஆகாது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி இயேசுதான். இச்சையோடு பார்க்கிறவன் தன் இருதயத்திலேயே பாவம் செய்தான் என்றார். பார்க்கப்படுகிறவள்மேல் அவர் பழி போடவில்லை. விபசாரத்தில் கையும் களவுமாகப் பிடித்தோம் என்று ஒரு பெண்ணை அவர்முன் இழுத்து வந்து நிறுத்தினார்களே, கூட இருந்த ஆண் எங்கே போனான்? மோசேயின் சட்ட நூலான லேவியராகமம் இருவருக்கும் ஒரே தண்டனையைத்தான் சொல்கிறது. கல்லோடு வந்தவர்களில் ஒருவருக்கும் அந்த ஞாபகம் வரவில்லை. இயேசு அவளைக் காப்பாற்றினார். இனிப் பாவம் செய்யாதே என்றும் சொல்லி அனுப்பினார். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டால் அது அவருடைய போதனை ஆகாது.

ஆணிடமும் தூய்மையைக் கேட்பது தமிழருக்கு அந்நியச் சரக்கு இல்லை. பிறனில் விழையாமை என்ற அதிகாரத்தை வள்ளுவர் இல்லறவியலில் வைத்து ஆணிடம்தான் பேசுகிறார். வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி என்று 3,615 பாடல்களில் காப்பியம் பாடியபோது, வாளேந்திய வீரனையா நாயகன் ஆக்கினார்? கன்னிமை காத்த தச்சன் யோசேப்பை, வளன் என்று பெயர் சூட்டி நாயகன் ஆக்கினார். ஆணின் தூய்மைக்கு இவ்வளவு பெரிய காப்பியம் நம் மொழியில் இருக்கிறது. நம் வாலிபர் கூட்டங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவது எங்கள் சபை வழக்கம். ஒருமுறை மாப்பிள்ளையின் அத்தை, பெண் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்ததைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா, இதே கேள்விகளை அவங்ககிட்டயும் கேளுங்க" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மாப்பிள்ளை, "இருங்கப்பா, கேட்கட்டும்" என்றான். தலை குனிந்தபடியே பேசினான். பதினைந்து வயதிலிருந்து கைப்பேசியில் ஆபாசப் படம் பார்த்து வந்ததைச் சொன்னான். அந்த அறையில் பரிசுத்தத்தைப் பற்றி நடந்த முதல் உண்மையான பேச்சு அதுதான்.

ஆபாசப் படத்தால் யாருக்கும் தீங்கில்லை என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். திரையில் வருகிறவள் தானாக வந்தாளா, கடனுக்காக வந்தாளா, மிரட்டலுக்குப் பயந்து வந்தாளா என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாது. அவன் கேட்பதும் இல்லை. ரோமானியனும் தன் வீட்டு அடிமையிடம் கேட்கவில்லை. பவுல் எதிர்த்து நின்றது எதை என்பது இங்கேதான் எனக்குப் புரிகிறது. அவர் எதிர்த்தது இன்பத்தை அல்ல. இன்னொரு மனுஷியைப் பண்டமாக எடுத்துப் பயன்படுத்தி ஒதுக்குவதைத்தான் எதிர்த்தார்.

சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இளையோர் முகாமில் இந்தப் பொருளைப் பேசும்போது, பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்காரவைத்து ஆண் பிள்ளைகளை விளையாட அனுப்பாதீர்கள். பையன்களை அவர்களுடைய அப்பாக்களோடு முன்வரிசையில் உட்காரவையுங்கள். நானும் வருகிறேன், அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.