16404: எண்ணா, கட்டளையா?



பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அழைத்தபோது குடும்பத்தார் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்கள்: கணினி எப்படி இயங்குகிறது என்பதை, இப்போதுதான் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு விளங்கும்படி பேச வேண்டும். எனவே வந்திருக்கும் பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பாடநூலில் ஒரு படம் இருக்கும். இடப்பக்கம் உள்ளீடு, நடுவில் மையச் செயலகம், வலப்பக்கம் வெளியீடு, கீழே நினைவகம், இடையிடையே அம்புக்குறிகள். படத்தில் தவறு எதுவும் இல்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் வாங்கித் தரும். ஆனால் நடுப்பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டால், அதைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. இன்றைய செயலிகளைத் திறந்து காட்டியும் பயனில்லை. உங்கள் கைப்பேசிக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன; அவை அத்தனையும் செய்வதை முழுவதுமாகத் தலைக்குள் வைத்திருக்கும் மனிதர் எவரும் இல்லை. அதனால் ஒரு தனி மனிதர் முழுவதும் புரிந்துகொள்ளக்கூடிய அளவு சிறிய கணினி ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது 1948-இல் இயங்கியது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகிய மூவரும் கட்டிய பொறி. செல்லப்பெயர் ‘பேபி’. பெயர்தான் குழந்தை, நீளம் 5 மீட்டருக்கு மேல், எடை ஏறத்தாழ ஒரு டன். உண்மையில் அதைக் கட்டியது கணக்குப் போடுவதற்காக அல்ல. வில்லியம்ஸும் கில்பர்னும் ஒரு புதுவகை நினைவகத்தை உருவாக்கியிருந்தார்கள். அது நிற்குமா என்று சோதிக்க ஒரு பொறி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த நினைவகம் பழைய டிவிப் பெட்டியில் இருந்த படக்குழாயைப் போன்றது. திரையின் மேல் புள்ளி புள்ளியாக மின்னூட்டம். ஒருவகைப் புள்ளி 0, இன்னொருவகைப் புள்ளி 1. புள்ளி ஒரு வினாடி கூடத் தாங்காது, கரைந்துவிடும். எனவே பொறி ஓயாமல் ஒவ்வொரு புள்ளியையும் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. இதென்ன பழங்கதை என்று நினைக்காதீர்கள். உங்கள் மடிக்கணினியின் ராம் நினைவகமும் இதே பிழைப்புத்தான் பிழைக்கிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம், அது கசியும், வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் போனால், சேமிக்காத அசைன்மென்ட்டும் கூடவே போவது இதனால்தான்.

பேபியின் நினைவகத்தில் 32 வரிகள். ஒவ்வொரு வரியிலும் 32 பிட்டுகள். மொத்தம் 1024 பிட், அதாவது 128 பைட். இது போக, நடந்துகொண்டிருக்கும் கணக்கின் விடையை வைத்திருக்க ஓர் இடம். அதைத் திரட்டி என்போம். எந்த வரியில் இருக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ள இன்னோர் இடம். பொறி செய்யும் வேலை இதுதான்: வரி எண்ணை ஒன்று கூட்டு, அந்த வரியில் இருப்பதை எடு, அது சொல்வதைச் செய், மறுபடி வரி எண்ணை ஒன்று கூட்டு. வேறு எதுவும் இல்லை. இந்தச் சுற்றை ஒவ்வொரு கணினியும் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்குத் தெரிந்த கட்டளைகள் ஏழு. ஒரு வரியில் உள்ள எண்ணை எதிர்க்குறியுடன் திரட்டிக்கு எடு. திரட்டியில் உள்ளதை ஒரு வரியில் வை. ஒரு வரியில் உள்ளதைத் திரட்டியிலிருந்து கழி. வேறு வரிக்குத் தாவு. இதில் இரண்டு வகை. திரட்டியில் இருப்பது எதிர் எண் என்றால் அடுத்த கட்டளையை விட்டுவிடு. நில்.

கூட்டல் எங்கே என்று கேட்கிறீர்கள். கிடையாது. கழிக்கும் மின்சுற்று ஒன்றைக் கட்டிவிட்டால் கூட்டலுக்குத் தனியாக ஒன்று வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். அப்படியானால் 5-ஐயும் 3-ஐயும் எப்படிக் கூட்டுவது? 20-ஆம் வரியில் 5, 21-ஆம் வரியில் 3 இருக்கட்டும். முதல் கட்டளை: 20-ஐ எதிர்க்குறியுடன் எடு. திரட்டியில் –5. இரண்டாவது: 21-ஐக் கழி. –5 கழித்தல் 3, –8. மூன்றாவது: 22-இல் வை. நான்காவது: அதே 22-ஐ எதிர்க்குறியுடன் எடு. எதிருக்கு எதிர், 8 வந்துவிட்டது. ஐந்தாவது: 22-இல் வை. ஆறாவது: நில். விடையைத் திரையில் புள்ளிகளாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிரிண்டர் எல்லாம் இல்லை.

சரி, கட்டளையை எங்கே வைப்பது? இங்கேதான் இன்று நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கட்டளைகளும் அதே 32 வரிகளுக்குள்தான், அதே புள்ளிகளாகத்தான் இருந்தன. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. ‘எதிர்க்குறியுடன் எடு’ என்பது 2, ‘வை’ என்பது 3, ‘கழி’ என்பது 4, ‘நில்’ என்பது 7. ஒரு வரியின் 32 பிட்டுகளில், மதிப்புக் குறைந்த ஐந்து பிட்டுகள் எந்த வரி என்பதைச் சொல்லும். 8192-இன் இடத்திலிருந்து மூன்று பிட்டுகள் என்ன கட்டளை என்பதைச் சொல்லும். ஆக, நம் முதல் கட்டளை: 2 × 8192, அதோடு 20. விடை 16404. இரண்டாவது: 4 × 8192, அதோடு 21. விடை 32789.

இப்போது ஒரு வரியில் 16404 இருக்கிறது. அது எண்ணா, கட்டளையா? வரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பொறியாலும் முடியாது. வரி எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு பொறி அங்கே வந்து நின்றால், அது கட்டளை. வேறொரு கட்டளை ‘அந்த வரியைக் கழி’ என்று சொன்னால், அது பதினாறாயிரத்து நானூற்று நான்கு. பழைய கடிதத்தின் தலைப்பில் ‘உ’ இருந்தால் பிள்ளையார் சுழி. சொல்லுக்குள் வந்தால் எழுத்து. பழைய கணக்கேட்டின் பத்தியில் வந்தால் இரண்டு. வாசிக்கிறவர் எந்த இடத்தில் நின்று வாசிக்கிறார் என்பதுதான் அது என்னவென்று தீர்மானிக்கிறது. கணினியின் நினைவகத்தில் உள்ள ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ‘உ’தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இதற்கு முன்பு அமெரிக்காவில் எனியாக் என்றொரு பெரும் பொறி இருந்தது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் கணக்கை மாற்ற வேண்டுமென்றால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடங்களில் செருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். நாள்கணக்கில் ஆகும். கட்டளையையும் எண்ணாக்கி நினைவகத்திலேயே வைத்துவிடலாம் என்ற யோசனை அதைக் கட்டிய குழுவில்தான் பேசப்பட்டு, 1945 ஜூனில் ஜான் வான் நாய்மனின் அறிக்கையில் எழுத்தில் வந்தது. பேபி அதைச் செய்து காட்டியது. நீங்கள் ஓர் ஆப்பைப் பதிவிறக்கும்போது நடப்பதும் இதுதான்: சில எண்கள் வந்து இறங்குகின்றன, பிறகு ‘இங்கிருந்து கட்டளையாக வாசி’ என்று செயலியிடம் சொல்லப்படுகிறது. கேபிளைப் பிடுங்க யாரும் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

1948 ஜூன் 21 அன்று கில்பர்ன் எழுதிய நிரல் ஓடியது. 262144 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எது? அந்த எண்ணை விட்டுவிட்டு, அதற்குக் கீழே. பாதிதான் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள், 131072. பொறி அப்படிச் செய்யவில்லை. 262143-இலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஒவ்வொன்றையும் கழித்துக் கழித்துப் பார்த்தது. நிரலில் இருந்தவை 17 கட்டளைகள். ஓடிய நேரம் 52 நிமிடம். நிறைவேற்றியவை சுமார் 35 லட்சம் கட்டளைகள். விடை தெரிந்த கணக்கை ஏன் கொடுத்தார்கள்? நினைவகம் ஒரு மணி நேரம் புள்ளியைத் தவறவிடாமல் தாங்குகிறதா என்று பார்ப்பதுதானே நோக்கம். விடை தெரியாத கணக்கைக் கொடுத்துவிட்டுச் சரிபார்ப்பது எப்படி?

‘கழி’ என்றதும் மின்சாரம் எப்படிக் கழிக்கிறது? கூட்டலை வைத்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கழித்தலும் இதே முறையில்தான். மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் கீழ்நிலையில் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றை மட்டும் மேலே தட்டினால் எரியும். இரண்டையும் தட்டினால் அணையும். இதைக் கணக்காக எழுதுங்கள்: 0-உம் 0-உம் 0; 1-உம் 0-உம் 1; 1-உம் 1-உம் 0. ஒற்றை இலக்கக் கூட்டல் அதுவே. 1-உம் 1-உம் சேரும்போது அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய 1 எங்கே? அதற்கு, இரண்டும் போட்டால் மட்டும் எரியும்படி இன்னொரு விளக்கு. சுவிட்சுகளின் இணைப்பும் தர்க்கத்தின் இயற்கணிதமும் ஒன்றே என்பதை 1937-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் நிறுவியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு 21 வயது. சுவிட்சாக ரிலே இருந்தது, பிறகு வெற்றிடக் குழாய், 1947-க்குப் பிறகு டிரான்சிஸ்டர். இன்டெல் 4004 என்ற செயலி 1971-இல் வந்தபோது அதில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். கில்பர்னின் 52 நிமிடக் கணக்கை இன்றைய மடிக்கணினி ஒன்றிரண்டு மில்லி வினாடியில் முடித்துவிடும். அதன் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளி 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். சில்லைச் சின்னதாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபடி எண்ணுக்கு வருவோம். –5 என்று சொன்னேனே, கழித்தல் குறியை எந்தப் புள்ளியில் எழுதினார்கள்? எங்கும் எழுதவில்லை. 32 பிட்டுகளில் –5-க்கான புள்ளிகளை அப்படியே நேர் எண்ணாக வாசித்தால் 4294967291 வரும். மின்சுற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். எதிர் எண் என்று முடிவு செய்வது வாசிக்கிற கட்டளை.

எழுத்தும் இதே கதைதான், இது நமக்கு நெருக்கமான கதையும்கூட. யூனிகோடு முறையில் ‘அ’ என்பது 2949. ‘தமிழ்’ என்று எழுதினால் கணினியில் இருப்பவை ஐந்து எண்கள்: 2980, 2990, 3007, 2996, 3021. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நாம் மூன்றெழுத்து என்போம், கணினிக்கு ஐந்து. எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கிலம் 160 குறி கொள்ளும்போது தமிழ் 70-லேயே நிறைந்துவிடுவதும் எண்ணின் அகலத்தால்தான். இரண்டுக்கும் இடம் ஒரே 140 பைட். ஆங்கிலக் குறிக்கு 7 பிட், தமிழுக்கு 16.

யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் பல அச்சகங்களில் கிடக்கின்றன. அவற்றில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் திறந்து எண்களைப் பாருங்கள்: 106, 107, 112, 111, 59. இவை ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் ‘ஜே’ வரவேண்டிய இடத்தில் ‘த’ வரைந்து காட்டும். இல்லாத கணினியில் பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை. கோப்பு கெட்டுப்போய்விட்டது, வைரஸ் தின்றுவிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். ஒரு பிட் கூடக் கெடவில்லை. எழுதியவர் ஓர் உடன்பாட்டில் எழுதினார், வாசிக்கிற பொறி வேறோர் உடன்பாட்டில் வாசிக்கிறது. இந்த உடன்பாட்டைக் கோப்போடு சேர்த்து எழுதி வைக்காமல் போனது, அன்றைய தமிழ்க் கணிமையில் நாம் செய்த பெரிய அலட்சியம் என்பது என் கருத்து.

வைரஸ் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணும் கட்டளையும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் கிடப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் ஒரு நிரலை விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று இது: ஒரு பயனர் பெயரைக் கேட்கும் நிரல், பெயருக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கியிருந்தது; வருவது அதைவிட நீளமா என்று பார்க்கவில்லை. மோரிஸின் நிரல் வேண்டுமென்றே நீளமாக ஒன்றை அனுப்பியது. அது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, அடுத்து எந்த வரிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. பொறி அந்தக் குறிப்பை நம்பி, பெயராக வந்த எண்களைக் கட்டளையாக வாசித்து நிறைவேற்றியது. அதன் மேல் குற்றமில்லை. இப்போது நினைவகத்தின் ஒரு பகுதியை ‘இங்கே இருப்பதைக் கட்டளையாக வாசிக்காதே’ என்று குறித்துவைக்கும் வசதி செயலிகளிலேயே இருக்கிறது. வான் நாய்மன் இடித்த சுவரைக் கொஞ்சம் திரும்பக் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். பேபியில் 20-ஆம் வரியில் ஓர் எண், 21-இல் ஓர் எண், இரண்டும் நேர் எண்கள். இரண்டையும் பெருக்கி 22-இல் வைக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை அந்த ஏழு கட்டளைகளும் 32 வரிகளும். திரும்பத் திரும்பச் செய்யத் தாவல் உண்டு. எப்போது நிறுத்துவது என்பதற்கு, ‘எதிர் எண் என்றால் அடுத்ததை விட்டுவிடு’ என்ற ஒன்று மட்டும் உண்டு. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வர ஒரு 1 தேவைப்படும். அதையும் ஏதாவது ஒரு வரியில் நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். கணினி வேண்டாம், தாளும் பென்சிலும் போதும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணாக மாற்றிப் பாருங்கள். முதல் வரி 16404-ஆக வருகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள். வேறு எண் வருகிறவர்களும் தாராளமாக வரலாம், வழி ஒன்றுதான் என்றில்லை.