ஸ்பேனர் வாங்கப் போகும் பெற்றோர்களுக்கு

(பரிசளிப்பு நாளையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘கைத்தொழிலும் நம் பிள்ளைகளும்’. தலைப்புப் பெரியது, நேரம் சிறியது. ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் தொடுகிறேன். அந்த மூலையில் கிடப்பது ஸ்பேனர். சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் “பையன் பட்டறை வேலைக்குப் போகிறான் சார், என்ன சாமான் வாங்கிக் கொடுக்கலாம்?” என்று என்னிடம் வந்து கேட்ட தகப்பன்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன், மெக்கானிக் அல்ல. என்றாலும், இந்தத் தோட்டத்துச் செம்மண் சாலையில் நான் வந்து போகும் கப்சாய் மோட்டாரை நானேதான் கழற்றுகிறேன், நானேதான் மாட்டுகிறேன். பிள்ளைகளுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடத்துகிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

டவுனில் கடைக்குப் போனால் பளபளவென்று ஒரு பெட்டி இருக்கும். இப்போது கைத்தொலைபேசியிலும் அதே பெட்டிதான் விற்கிறது. திறந்தால் நாற்பது உருப்படி, கண்ணைப் பறிக்கும். விலை நாற்பது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு மாணவனே கணக்குப் போட்டுவிடுவான்: ஒன்று ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்குள் பெட்டிக்கூலி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம். மிச்சமிருக்கும் காசுக்கு எப்படிப்பட்ட இரும்பு கிடைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நல்ல ஸ்பேனர் செய்வது லேசான வேலையில்லை. எஃகில் சிறிதளவு குரோமியமும் வனேடியமும் சேர்க்க வேண்டும். அதைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து அடித்து உருவாக்க வேண்டும். வாயை அளவு பிசகாமல் அறுக்க வேண்டும். மறுபடி சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து இறுகச் செய்ய வேண்டும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். எனவே மிதமான சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். பதம் குறைந்தால் வாய் விரியும், கூடினால் முறியும். பளபளப்பு என்பது மேலே பூசிய பூச்சுத்தான். துரு பிடிக்காமல் காக்க அது வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் இரும்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். எழுத்தைப் பொறிக்க யாராலும் முடியும்.

இதை உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. பால்மரம் வெட்டிய கை உங்கள் கை. கத்தி சரியில்லையென்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டையோடு நிற்க வேண்டிய வெட்டு மரத்தைத் தொட்டுவிடும், காயம் முண்டு முண்டாகப் புடைக்கும், பட்டை மறுபடி வளர்ந்தாலும் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. செம்பனையில் கம்பின் நுனியில் அரிவாள் கட்டிக் குலை அறுப்பவரும் மழுங்கிய அரிவாளை மேலே தூக்கமாட்டார். அப்படிப்பட்ட நாம், பிள்ளைக்கு ஸ்பேனர் வாங்கும்போது மட்டும் எத்தனை உருப்படி என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறோம்!

எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஐந்தாம் படிவம் முடித்து ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தான். அப்பா சீட்டுப் பணத்தில் அந்தப் பளபளப்புப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது மாதம், துருப்பிடித்த போல்ட் ஒன்றைக் கழற்றும்போது 12 மி.மீ. ஸ்பேனரின் வாய் விரிந்து வழுக்கியது. போல்ட்டின் ஆறு மூலையும் தேய்ந்து உருண்டையாகிவிட்டது. பையனின் விரல் முட்டி தகட்டில் மோதிக் கிழிந்தது. முதலாளி, “உனக்குக் கை வேலை வராது” என்றார். பையன் அதை அப்படியே நம்பிவிட்டான். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வீட்டிலும் அதே பேச்சு: “படிப்பும் வரல, வேலையும் வரல.” மூன்று வாரம் கழித்து, அதே பட்டறையில் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவர் வீடு தேடி வந்து, தன்னுடைய பழைய ஜப்பான் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்து, வாசலில் நின்ற மோட்டாரில் ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழன்றது. “கையில் குற்றம் இல்லடா” என்றார். பையன் திரும்பிப் போனான். அந்த மூன்று வாரச் சம்பளமும், அந்த வீட்டில் பேசப்பட்ட பேச்சும் நாற்பது வெள்ளிக் கணக்கில் எங்கே வருகின்றன?

ஒரு போல்ட்டின் தலை உருண்டுவிட்டால் செலவு அதோடு நிற்காது. அதன்மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்து திருப்ப வேண்டும், இல்லையேல் துளைபோட்டு எடுக்க வேண்டும். எஞ்சின் உறை அலுமினியமாக இருந்தால் மரையும் சேர்ந்து போகும். ஐந்து நிமிட வேலை அரை நாள் ஆகும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், பழி பையன் தலையில் விழும்.

அடுத்து, நம் தோட்டத்து மோட்டார்களுக்கே உரிய ஒரு விஷயம். ஹோண்டா கப் வண்டி 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். அவற்றில் எத்தனையோ வண்டிகளின் எஞ்சின் உறையில் உள்ள நட்சத்திர ஸ்குரூ தேய்ந்து குழியாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலம் போதாமல் மட்டும் அப்படி ஆவதில்லை. நாம் சாதாரணமாக வாங்குவது அமெரிக்க முறைப்படி செய்த பிலிப்ஸ் திருப்புளி. ஜப்பான் வண்டியின் ஸ்குரூ ஜப்பான் தரப்படி வெட்டப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஆனால் குழியின் வடிவில் சிறு வித்தியாசம் உண்டு. பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் மேலேயே நின்று வழுக்கும். பல ஜப்பான் ஸ்குரூக்களில் குழிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். ஜப்பான் தரத் திருப்புளி ஒன்று வாங்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போய் அப்பாவின் மோட்டாரில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, தாத்தா காலத்துப் பெட்டியில் கிடக்கும் அங்குல ஸ்பேனர். வெள்ளைக்காரன் காலத்து லாரிக்கும் இயந்திரத்துக்கும் வாங்கியது. இரும்பு நல்ல இரும்பு, சந்தேகமில்லை. ஆனால் அளவு வேறு. 9/16 அங்குலம் என்றால் 14.29 மி.மீ. அதை 14 மி.மீ. போல்ட்டில் போட்டால் 0.29 மி.மீ. இடைவெளி. நூலளவுதானே என்று நினைப்போம். மூலையைத் தேய்க்க அந்த நூலளவு போதும். 3/4 அங்குலம் மட்டும் 19.05 மி.மீ., அதனால் 19-க்குப் பொருந்திவிடும். பத்தின் பின்ன எண்கள் எதற்கு சார் என்று கேட்கும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

சரி, என்னதான் வாங்குவது? ஜப்பான் மோட்டார்களில் பெரும்பாலும் வருவது 8, 10, 12, 14, 17, 19. இந்த ஆறு அளவில், ஒரு முனை திறந்த வாயும் மறு முனை வளையமுமாக உள்ள ஸ்பேனர் ஆறு. ஒன்று இருபது வெள்ளி என்று வைத்தாலும் நூற்றிருபது வெள்ளி. ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் 10, 12 வாங்குங்கள், அவைதான் அதிகம் உழைக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். 1920-இல் அமெரிக்காவில் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கிய இருவர் ஐந்து கைப்பிடியும் பத்துச் சாக்கெட்டும் மட்டுமே விற்றார்கள். ஐந்தும் பத்தும் பெருக்கினால் ஐம்பது கருவியின் வேலை என்பது அவர்கள் கணக்கு. உருப்படி குறைவாக இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் சீக்கிரம் வழுக்கும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு புது போல்ட் எடுத்துச் சென்று, மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆட்டம் அதிகமென்றால் வேண்டாம். பூச்சு உரிந்திருந்தாலும் வேண்டாம், அந்தச் செதில் பிளேடு மாதிரி கையை வெட்டும்.

எல்லாமே விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்ப் புனல், கம்பிப் பிரஷ், ரம்பத்தின் சட்டம், இவை மலிவாக இருந்தால் போதும். ரம்பத்தின் பிளேடு மட்டும் நல்லதாக இருக்கட்டும். வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை தொடுகிற அம்மாவுக்கு அந்த நாற்பது வெள்ளிப் பெட்டியே தாராளம். போல்ட்டின் தலையையும் ஸ்குரூவின் தலையையும் பிடிப்பது எதுவோ, அதில்தான் கை தாராளமாக இருக்க வேண்டும்.

நல்ல ஸ்பேனரையும் கெடுக்கலாம். 10 மி.மீ. ஸ்பேனர் குட்டையாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. அந்தச் சிறு போல்ட் அவ்வளவு பலத்தைத்தான் தாங்கும். அதில் குழாயைச் செருகி நீட்டி இழுத்தால் போல்ட் முறியும். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரில், அசையாத தாடையின் மேல் பாரம் விழும்படி இழுக்க வேண்டும். பல பேர் மாற்றிப் பிடித்து இழுத்துத் திருகை உடைத்துவிடுகிறார்கள்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்குள்ள கருவிகளிலேயே பழகிவிடுவார்கள். படிப்பு முடிந்து சொந்தப் பெட்டி வாங்கும் நாளில்தான் இந்தப் பேச்சு நினைவுக்கு வர வேண்டும். அதற்காகவே இதை மலரிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேசைமேல் மூன்று ஸ்பேனர்கள் வைத்திருக்கிறேன். மூன்றும் 12 மி.மீ. ஒன்று வாய் விரிந்தது, மற்ற இரண்டும் நல்லவை. பக்கத்தில் ஒரு போல்ட்டும் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் பிடித்துப் பார்க்க விடுங்கள்.